பஞ்சாமிர்தத்தில் ஊறிய வாள்

போன கிழமை என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் மருமகள் பஞ்சில் கராம்பு எண்ணெய் நனைத்துத் தந்தாள். அதை வாய்க்குக் கொண்டுபோகுமுன் மூக்கு முந்திக்கொண்டது. வலி மறந்துபோயிற்று. நான் சிரித்துவிட்டேன்.

"என்ன மாமி, சிரிக்கிறியள்?" என்று அவள் கேட்டாள்.

வாள் ஒன்றின் நினைவு வந்தது என்றேன். அவள் உடனே என் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, அம்மாவுக்கு மயக்க ஊசி இன்னும் இறங்கவில்லை என்று சொன்னாள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கியிருக்கிறார்கள். ஒரு கிழவி தனியே சிரிக்கத்தான் அதில் இடமில்லை.

அவர்களுக்கு விளக்குவதைவிட உங்களுக்கு எழுதுவது சுலபம், நானா; ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற அந்தச் சொல்லால்தானே உங்களைக் கடைசிவரை அழைத்தேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இது நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். நீங்கள் இருந்த காலத்தில் என் கையால் உங்களுக்குக் கிடைத்ததெல்லாம் முறைப்பாட்டுத் துண்டுகள்தாம்.

முதல் துண்டு என் தையல் கத்தரிக்கோலோடு வந்தது. நீங்கள் அப்போது சாணை பிடிக்கும் வான் வண்டியை ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளுக்கு முன்னால் சனிக்கிழமைகளில் நிறுத்துவீர்கள். இறைச்சிக்கடைக் கத்திகள், சாப்பாட்டுக்கடைக் கத்திகள், நடுவில் என் கத்தரிக்கோல். மூன்று முறை கூராக்கித் தந்தீர்கள். மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தேன். "கூர் காணாது. நுனியில் இழுபடுகிறது" என்று எழுதியும் கொடுத்தேன். நீங்கள் துண்டை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினீர்கள்.

"மேற்றன், இது கத்தரிக்கோல். ஒப்பரேசன் கத்தியில்லை."

"வெட்டுறது எதுவெண்டாலும் வெட்ட வேணும், நானா."

"உங்கட கதையே வெட்டுதுதானே. பிறகேன் கத்தரிக்கோல்?"

நான் ஊரில் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதிகளுக்குத் தலைவியாக, மேற்றனாக இருந்தவள் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இதை வாசிக்கும் யாரும் கேட்கலாம். முதல் நிமிடத்திலேயே நானே சொல்லியிருந்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், நகம், தையல், வாக்கியம் மூன்றும் நேராக இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் என்பதையும் இரண்டாவது நிமிடத்தில் சொல்லியிருப்பேன். நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்னது ஒரே வசனம்: யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொல்லி முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் இயக்கம் துவக்கோடு துரத்திய அந்த நாளைப் பற்றி நீங்கள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று எங்கள் தெருவில் எல்லாக் கதவும் மூடிக் கிடந்தன. என் கதவும்தான்.

வாள் விவகாரம் தொடங்கியது கத்தரிக்கோல் விவகாரத்துக்கு இரண்டு வருடத்துக்குப் பின். எங்கள் கோயில் அப்போது ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருந்தது. ஒரு பக்கம் கார் திருத்துமிடம், மறுபக்கம் கம்பளக் கிட்டங்கி. அம்பாளுக்கு மூச்சு விடவே இடமில்லை. ஆனாலும் நவராத்திரி குறையில்லாமல் நடக்கும். பத்தாம் நாள் மானம்பூ. அசுரன் வாழையாக உருமாறி நிற்பான். அம்பாள் சார்பில் ஐயர் வாளால் அந்த வாழையை வெட்டி வீழ்த்த வேண்டும். ஒரே வெட்டு. அதுதான் வழக்கம், அதுதான் அழகு.

அந்த வருடம் ஐயர் ஏழு முறை வெட்டினார். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த மொட்டை வாள். சனம் சத்தமாக எண்ணியது. ஏழாவது வெட்டிலும் வாழை விழவில்லை, களைத்துப்போய்ச் சாய்ந்தது. அன்று மாலை நிர்வாகக் கூட்டத்தில் கோயில் தலைவர் எழும்பினார். அவர் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ற்; எதைப் பார்த்தாலும் இதைவிட நல்லது பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறது என்பவர்.

"இது அபசகுனம். அடுத்தமுறையும் உப்பிடியெண்டால் நாங்கள் வேற ஐயரைப் பாக்கத்தான் வேணும்."

ஐயர் ஒரு மூலையில் விபூதித் தட்டோடு நின்றார். அவருடைய மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் வந்து சேர்ந்து நான்கு மாதந்தான். கோயில் கொடுத்த கடிதத்தில்தான் அந்தக் குடும்பத்தின் விசா தொங்கிக்கொண்டிருந்தது. வாழை ஒன்று ஒழுங்காக விழாததற்காக ஐந்து பேர் விழ வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன்.

"பிழை ஐயரில இல்லை, வாளில. அடுத்த வருசம் வாளை நான் பாக்கிறன்," என்றேன்.

எனக்கு வாளைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் சபையில் நான் 'தெரியாது' என்று சொன்ன சரித்திரமும் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை உங்கள் வான் வாசலில் நின்று விசயத்தைச் சொன்னேன்.

"வாழை வெட்டத்தானே?" என்றீர்கள். "உங்கட ஐயருக்கு ஒரு கோடாலியைக் குடுங்கோவன்."

"அம்பாள் கோடாலியோட வாறேல்லை, நானா."

நீங்கள் சாணைக் கல்லை நிறுத்தினீர்கள். "அப்ப யப்பான்காரன்ர வாள்தான்," என்றீர்கள். "வெட்டுறதுக்கெண்டே செய்யிறவன் அவன் ஒருத்தன். உண்மையான பழைய வாளுக்கு வீட்டை விக்க வேணும். ஆனால் இப்ப சீனாக்காரன் அதே முறையில அடிக்கிறானாம். எங்கட கைக்கு எட்டும். வாங்கோ தேடுவம்."

முதலில் போனது ஸ்ரௌவ்வில் பக்கத்து ஞாயிற்றுச் சந்தைக்கு. குதிரைவால் கட்டிய ஒரு பெரிய மனிதன் தட்டு நிறைய வாள் பரப்பி வைத்திருந்தான். சிவப்பு உறை, கறுப்பு உறை, வெள்ளை உறை. ஒன்றை உருவினேன். பளபளவென்று என் முகம் தெரிந்தது. துருப்பிடிக்காத இரும்பு, கழுவலாம், துடைக்கலாம், ஆவியில் அவிக்கவும் செய்யலாம். இருபத்திரண்டு வருடம் அப்படியான ஆயுதங்களோடு வாழ்ந்தவளுக்கு வேறு என்ன வேண்டும்?

"இதை எடுப்பம்," என்றேன்.

நீங்கள் அதை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினீர்கள். கிலுகிலுப்பை போலச் சத்தம் வந்தது. பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன ஆணியை எடுத்தீர்கள். கடைக்காரன் தடுக்குமுன் பிடியில் இருந்த முளையைத் தட்டிப் பிடியைக் கழற்றிவிட்டீர்கள். உள்ளே பென்சில் தடிப்பில் ஒரு கம்பி. அதை வாளின் அடியில் பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள்.

"மேற்றன், இது சுவரில மாட்டுறது. ஐயர் ஓங்கினாரெண்டால் பிடி அவற்ர கையில நிக்கும். வாள் தலைவற்ர நெத்தியில நிக்கும்."

நான் திறந்த கைப்பையை மூடினேன்.

"யோசியாதேங்கோ," என்றீர்கள். "இது வேண்டாம்."

குதிரைவால்காரன் கோபத்தோடு பிடியைத் திரும்பப் பூட்டினான். உண்மையாகவே வெட்டுகிற வாள்தான் வேண்டுமென்றால் ஒஷாவாவில் ஒரு பைத்தியக்காரன் இருக்கிறான், அவனிடம் போங்கள் என்று முகவரி எழுதித் தந்து எங்களைத் துரத்தினான்.

ஒஷாவாக்காரரைப் பைத்தியம் என்று சொன்னது அநியாயம். கார்த் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆறடி உயரம், கறுப்புப் பாவாடை போன்ற ஒரு யப்பானியக் காற்சட்டை. வீட்டின் பின்புறத்தில் வாள்வீச்சு பழக்குபவர். பழகுகிறவர்களுக்காக மலிவான வாள்களைத் தருவித்துக் கொடுப்பவர். அவருடைய கராஜில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் சுவரில் அதன் உருவம் கீறப்பட்டிருந்தது. என் சத்திரசிகிச்சைக் கூடத்தைவிட அந்த இடம் சுத்தம். இதை இன்றுவரை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

எதை வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். கன்னியாஸ்திரிகள் தந்த ஆங்கிலத்தில் நான் விளக்கினேன்: ஒரு தேவி, ஓர் அசுரன், அசுரன் ஒளிந்திருக்கும் வாழை, தோள் வலிக்கிற ஒரு குருவானவர். அவர் சிரிக்கவில்லை. "மரத்தின் விட்டம் எவ்வளவு?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

புற்பாயை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, இறுக்கிச் சுருட்டிக் கட்டி, ஒரு கட்டையில் செருகிப் புல்தரையில் நிறுத்தியிருந்தார். யப்பானில் வாளைச் சோதிப்பது அப்படித்தானாம். நீங்கள் அதை விரலால் அமத்திப் பார்த்தீர்கள்.

"மேற்றன், இது வாழைக்குத்தியேதான். அடுக்கடுக்காய், தண்ணியும் சதையுமாய்."

மூன்று வாள் கொண்டுவந்து வைத்தார். மூன்றுக்கும் பிடியை அவரே கழற்றிக் காட்டினார். வாளின் இரும்பு பிடியின் அடிவரை நாக்குப் போல் நீண்டிருந்தது. நீங்கள் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்து முதுகைப் பார்த்தீர்கள், நகத்தால் சுண்டினீர்கள், முகர்ந்துகூடப் பார்த்தீர்கள். முதலாவதின் உடலில் நீளமாக ஒரு பள்ளம், வீசினால் விசிலடித்தது. கூரின் ஓரத்தில் ஓடிய அலைக்கோடு, இரும்பைப் பதமாக்கும்போது விழுந்ததல்ல, அமிலத்தால் கீறியது என்று தள்ளி வைத்தீர்கள். மற்ற இரண்டும் நல்ல இரும்பு என்றீர்கள். அவற்றில் ஒன்று பாரம், ஒன்று இலேசு.

"பாரமானதை எடுப்பம். பாரமே பாதி வேலையைச் செய்யும்."

"உங்களுக்குச் செய்யும். ஐயருக்குச் செய்யாது."

"ஏன்?"

"அவற்ர வலது தோள் காதுக்கு மேல எழும்பாது. தீபம் காட்டேக்க நான் பாத்திருக்கிறன். பாரமெண்டால் தோள் இழுக்கும், மணிக்கட்டுத் திரும்பும், கூர் சரிஞ்சு போகும். இலேசானதுதான்."

நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டிப் பார்த்துவிட்டுக் கதைப்போம் என்று பாரமான வாளோடு போய் நின்றீர்கள். முப்பது வருடம் இரும்போடு புழங்கிய கை. ஓங்கி ஒரு போடு போட்டீர்கள். வாள் பாதிப் பாயில் இறுகிப் பிடித்துக்கொண்டது. பாயும் கட்டையும் வாளும் ஒன்றாகக் கிளம்பிப் பூப்பாத்திக்குள் போய் விழுந்தன.

ஒஷாவாக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஐயா, நீங்கள் அதை வெட்டவில்லை. தண்டித்தீர்கள்."

பிறகு என்னைப் பார்த்தார். நான் கைப்பையைக் கதிரையில் வைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். இலேசான வாளை எடுத்தேன். அமத்த வேண்டாம், கூர் முதலில் போய்த் தொடட்டும், தொட்ட பின் உங்கள் பக்கம் இழுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முதன்முதல் கத்தி பிடிக்கிற இளம் டொக்ரர்களுக்கு நான் பின்னால் நின்று முணுமுணுத்த அதே வசனம்.

முதல் வெட்டுப் பாதியில் நின்றது. இரண்டாவதில் ஈரத் துணி கிழிவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பாயின் மேல்பாதி சரிந்து புல்லில் தொப்பென்று விழுந்தது. வெட்டுவாய் கோழிமுட்டை போல மழமழப்பாக இருந்தது.

நீங்கள் விழுந்த துண்டைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"மேற்றன், உண்மையைச் சொல்லுங்கோ. ஊரில எத்தினை டொக்ரர்மாரை இப்பிடி…"

"ரெண்டு பேர். இன்னும் தேடுகினம்."

அதற்குப் பிறகு மேலும் ஆறு முறை வெட்டினேன். பாய் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை நிறுத்தவில்லை. என் கணவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். பாணைக்கூட நேராக வெட்டத் தெரியாத மனிதர். கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார்.

இலேசான வாளை வாங்கினோம். வாளுக்குப் பூச, கராம்பு மணக்கிற ஒரு சிறு எண்ணெய்ப் போத்தலும் ஒஷாவாக்காரர் தந்தார். வரும் வழியில், நெடுஞ்சாலையில், நீங்கள் என்னைக் கொண்டு எழுதுவித்தீர்கள்.

"எழுதுங்கோ. தண்ணி ஆகாது. கை படக்கூடாது. ஈரத்தோட உறைக்குள்ள போடவே கூடாது. இது துருப்பிடிக்கிற இரும்பு, மேற்றன். நல்ல இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்."

ஓர் அட்டையில் மூன்று வரி, என் நல்ல கையெழுத்தில் எழுதிக் கைப்பையில் வைத்தேன்.

இனி நான் எழுத வேண்டியது என் பிழை. வாளைப் பட்டில் சுற்றிக் கோயிலில் கொடுத்தபோது தலைவர் அதை இரண்டு கையாலும் தூக்கிச் சபைக்குக் காட்டினார். "மேற்றனுக்குத் தெரியாத கத்தி இந்த ரொறன்ரோவில இல்லை," என்றார். கைதட்டினார்கள். எங்கே எடுத்தது என்று ஒருவர் கேட்டார். "தெரிஞ்ச ஆக்கள் மூலம்," என்றேன். என் மகன் வேலை செய்யும் இடத்து யப்பானிய முதலாளி மூலம் என்று பெண்கள் பகுதியில் கதை போயிற்று. நான் மறுக்கவில்லை. இறைச்சிக்கடைக் கத்திக்குச் சாணை பிடிக்கிறவர் தெரிவுசெய்த வாள் என்று சொன்னால் ஐயருக்கு இடைஞ்சல் வரும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். காரணம் அதுவல்ல. கைதட்டல் இனிப்பாக இருந்தது. அட்டையை நீட்டினால் முதல் கேள்வி, இதை யார் சொன்னது என்பதுதான். அட்டையும் எண்ணெய்ப் போத்தலும் பைக்குள்ளேயே கிடந்தன.

சாமிக்குக் கொடுத்த வாளை எடுத்துப் பழகக் கூடாது என்று தலைவர் சட்டம் போட்டார். ஆகவே ஐயர் தன் குடையால் பழகினார். கோயிலின் பின்புறம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், பிற்பகல்களில். நான் நின்று பார்ப்பேன். "அமத்தாதேங்கோ ஐயா, இழுங்கோ." இரண்டு கிழமையில் குடைக் கம்பி மூன்று முறிந்தது. ஆனால் அவர் கை படிந்துவிட்டது.

நவராத்திரி முதல் நாள் வாளுக்கு அபிஷேகம். உபயகாரர் கேட்டுக்கொண்டால் ஐயர் மறுக்கக்கூடிய நிலையில் இல்லை. பால், தயிர், இளநீர். பிறகு பஞ்சாமிர்தம்: வாழைப்பழம், தேன், சர்க்கரை, நெய், பேரீச்சம்பழம். நான் வழக்கம்போல் பின்வரிசையில் நின்றேன். மங்கல காரியங்களில் விதவை முன்னுக்கு நிற்பதில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல யாருக்கும் இடம் வைக்காமல் நானே பின்னால் நின்றுகொள்வேன். அங்கிருந்து பார்த்தேன். ஒரு பக்திமிக்க அம்மா வாளைச் சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்து உறைக்குள் செருகினார். அட்டை கைப்பையில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆயுத பூசைக்குக் புளித்த தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி, சாறு வடிய உறையின் வாயில் சாத்தினார்கள்.

இடையில் நீங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். "மேற்றன், வாளுக்குப் பூசினவையோ?"

"பூசினவை," என்றேன். அது பொய்யில்லை. என்ன பூசினார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை.

பத்தாம் நாள் பிற்பகல் நல்ல குளிர். காஞ்சிபுரம் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு சனமெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. தெற்கிலிருந்து லொறியில் வந்த வாழை, மணல் நிரப்பிய பீப்பாயில் நின்றது. அம்பாள் வெளியே எழுந்தருளினாள். தவில் முழங்கியது. நீங்கள் தூரத்தில், கம்பளக் கிட்டங்கிச் சுவரோரம், வானில் சாய்ந்துகொண்டு நின்றீர்கள். வரச்சொல்லி நான் அழைத்திருக்கவில்லை. நீங்களாகவே, நீங்கள் எடுத்த வாள் எப்படி வெட்டுகிறது என்று பார்க்க வந்திருந்தீர்கள்.

ஐயர் வாளை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பிடியைப் பிடித்து உருவினார். வரவில்லை. மறுபடி உருவினார். வரவில்லை. தவில்காரர் அதை உச்சக்கட்டம் என்று நினைத்து இன்னும் வேகமாக அடித்தார். ஐயரின் கழுத்து நரம்பு புடைத்தது. உறையின் வாயில் காய்ந்த பஞ்சாமிர்தம் பாகுபோல் பளபளத்தது. உறையின் மரம் ஊதி, சர்க்கரை இறுகி, இரும்பு துருவேறி, மூன்றும் ஒன்றாகியிருந்தன. முன்வரிசையில் தலைவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது எனக்குப் பின்னால்வரை கேட்டது.

"போன வருசம் வெட்டத் தெரியேல்லை. இந்த வருசம் உருவவும் தெரியேல்லை. நான் மற்றக் கோயில் ஐயரோட கதைச்சிட்டன்."

ஐயரின் மூத்த மகள் தாயின் கையைப் பிடித்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான். சனத்தைப் பிளந்துகொண்டு, அம்பாளுக்கு முன்னால் குறுக்கே நடந்து, உங்கள் வானடிக்கு வந்தேன். நான் அப்படி நடந்ததை யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

"நானா, நான் உங்களுக்குப் பொய் சொன்னன். பஞ்சாமிர்தம் பூசினவை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நீங்கள் ஏசவில்லை. "தேனுமோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"தேனும்."

பின்கதவைத் திறந்து மரச் சுத்தியலையும் ஒரு துணியையும் எடுத்தீர்கள். பிறகு தயங்கினீர்கள். "மேற்றன், நான் அங்க வரலாமோ? உங்கட ஆக்கள்…"

"நான் கூட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

சப்பாத்தை வானடியிலேயே கழற்றிவிட்டு, அந்தக் குளிர்ந்த தாரில் வெறுங்காலோடு என் பின்னால் வந்தீர்கள். தவில் நின்றுவிட்டது.

"உவர் ஆர்?" என்றார் தலைவர்.

"இந்த வாளைத் தெரிஞ்செடுத்தவர். இரும்பு பாத்தவர், எல்லாம் செய்தவர். நான் கூடப் போனது மட்டுந்தான்," என்றேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ஈரம் படக்கூடாது எண்டு என்னைக் கொண்டு எழுதுவிச்சவர். அதை உங்களுக்குத் தராமல் ஒளிச்சது நான். பிழை ஐயரில இல்லை, என்னில."

"அது சரி, பூசை வைச்ச வாளைக் கண்டவரும் தொடக்கூடாது."

அப்போதுதான் ஐயர் பேசினார். அந்த மனிதர் மந்திரம் தவிர வேறு எதையும் உரத்துச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

"இவர் தொடாட்டில் நான் தொட்டும் பிரயோசனமில்லை," என்று வாளை உங்களிடம் நீட்டினார்.

நீங்கள் உறையைத் துணியில் சுற்றிச் சுற்றிவர மெல்லத் தட்டினீர்கள். பிறகு ஐயரை உறையைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் பிடியைப் பிடித்தீர்கள். "ஐயா, நான் மூண்டு எண்ணுவன்." வெறுங்காலோடு நீங்கள் ஒரு பக்கம், வெறும் மேலோடு ஐயர் மறுபக்கம், நடுவில் அம்பாளின் வாள். தேர் வடம் இழுக்கிற நினைப்பு வந்ததோ என்னவோ, தவில்காரர் திரும்பவும் தொடங்கிவிட்டார். மூன்றாவது இழுப்பில் வாள் கழன்றது. நீங்கள் இரண்டடி பின்னால் போய்த் தலைவரின் மடியில் இருந்தீர்கள். அவரும் அதற்குள் தரையில் இருந்தார்.

வாளில் இருந்து செந்நிறமாக வடிந்தது. துருவும் குங்குமமும் தேசிக்காய்ப் புளியும். பஞ்சாமிர்த அம்மா கைகூப்பி, "அம்பாளே, அசுரன்ர ரத்தம்," என்று அழத் தொடங்கினார். வெட்டுமுன்னமே இரத்தமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நூறு பேர் தலைக்கு மேல் கை குவித்தார்கள். நீங்கள் இரத்தத்தைத் துணியால் துடைத்து, கூரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஐயரிடம் மெல்லச் சொன்னீர்கள்: "கூர் இன்னும் கிடக்கு. ஒண்டுக்குக் காணும்."

ஒரு வெட்டுக்குப் போதும். ஐயர் வாழைக்கு முன்னால் நின்றார். தோளைக் காதுவரை மட்டும் உயர்த்தினார். அமத்தவில்லை, இழுத்தார். ஈரத் துணி கிழிகிற அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. வாழை சரிந்து தாரில் விழுந்தது. சனம் போட்ட அரோகராவில் கார் திருத்துகிறவர்கள் கையில் ஸ்பானரோடு வெளியே ஓடிவந்தார்கள்.

ஐயரை அதன்பிறகு யாரும் அசைக்கவில்லை. அவருடைய மூன்று பெண்களும் இங்கேதான் படித்து இங்கேதான் கலியாணம் முடித்தார்கள். தலைவருக்கு இடுப்பு நோ மாறியதும் முதலில் செய்த வேலை உங்களுக்குத் தொலைபேசி எடுத்தது. வருடாவருடம் நவராத்திரிக்கு முன்னும் பின்னும் நீங்கள் வந்து வாளைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும் என்று கேட்டார். அபிஷேகம் அடுத்த வருடத்திலிருந்து கண்ணாடியில் தெரியும் வாளின் நிழலுக்கு மட்டும். அது ஐயரின் யோசனை, சாத்திரத்தில் இடமிருக்கிறதாம். எனக்குத் தெரிந்து நீங்கள் ஒரு வருடமும் தவறவில்லை. வந்தால் அன்னதானத்தில் இருத்தாமல் விடமாட்டார்கள். "மேற்றன், உங்கட சாம்பாறு மொட்டை," என்று என் காதில் சொல்வீர்கள்.

நீங்கள் போன மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பெண்கள் இருந்த அறையில் ஒரு மூலையைப் பார்த்து இருக்கப் போனேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார்.

"நீங்கதானே வாள் மேற்றன்?"

வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கட மனுசன் போற வாற இடமெல்லாம் இதைத்தான் சொல்லுவார்," என்றார். "வாளைத் தெரிஞ்செடுத்தது மேற்றன், பாயை ரெண்டாய் வெட்டிக் காட்டினது மேற்றன், ஐயருக்குப் பழக்கினது மேற்றன். நான் வான் ஓட்டினது மட்டுந்தான் எண்டு. பள்ளிவாசலிலயும் அதுதான் கதை."

நான் வாயைத் திறந்தேன். வாழ்நாளெல்லாம் மற்றவர் பிழையைத் திருத்தியே பழகிய வாய். இரும்பைத் தெரிந்தவர் அவர், தோளைத் தெரிந்தவள் நான், பாதிக்குப் பாதி என்று ஒழுங்கான ஒரு வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்கள் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுது சிவந்த கண்ணில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"ஓம்," என்றேன். "நல்லாய் ஓட்டினவர்."

கோயிலில் இன்றும் எல்லாம் செய்தவர் நீங்கள். பள்ளிவாசலில் எல்லாம் செய்தவள் நான். இந்த இரண்டு கதையும் ஒன்றையொன்று சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது எனக்கு மிஞ்சியிருக்கிற வேலை.